கழிக்கு ஏற்ற கலம்

முன்னுரை

தமிழ்த்துறை மலரில் படகு தேர்வது பற்றிய கட்டுரையா எனப் படிப்போர் வியக்கக்கூடும். இவ்வினாவை எம்மிடம் கொண்டுவந்தவர் எம் பழைய மாணவர் ஒருவர். திருவிடந்தையை அடுத்த மீனவர் குப்பத்தில் பிறந்து, எம் துறையில் இளங்கலை பயின்று, இப்போது சென்னையில் பணிபுரிபவர். அவருடைய தந்தையார் அறுபதைக் கடந்தவர். கடலுக்குச் செல்வதை விட்டுவிட்டு, கோவளத்திற்கும் முட்டுக்காட்டிற்கும் இடைப்பட்ட கழியில் வீச்சுவலை எறிந்து மீன்பிடித்து வருகிறார். ஒருநாள் மாலை வலையை வீச எழுந்து நின்றபோது அவருடைய பழைய குறுகிய படகு ஒருபுறம் சாய்ந்து கவிழ்ந்தது. அருகில் தூண்டில் போட்டுக்கொண்டிருந்தவர்கள் கண்டு கரைசேர்த்தனர். உயிர் பிழைத்தது, வலையும் படகும் போயின.

யாம் நலம் விசாரிக்கச் சென்றபோது அப்பெரியவர் கூறியது இன்றும் எம் காதில் உள்ளது. “கடல்ல விழுந்தா நீந்திடலாம் வாத்தியாரே. கழியில விழுந்தா சேறு காலைப் புடிச்சுக்கும்.”

மீன்பிடிப்பதை நிறுத்துமாறு மகன் வேண்டினார், தந்தை இசையவில்லை. ஆகவே தாம் சேர்த்து வைத்த பணத்தில் சிறியதும் ஆடாததுமான அலுமினியப் படகு ஒன்றை வாங்கித்தர மகன் முடிவுசெய்தார். “எதைப் பார்த்து வாங்குவது ஐயா?” என்று எம்மைக் கேட்டார். எம் முன்னோர் தோணித் தொழில் செய்தவர்கள் என வகுப்பறையில் பலமுறை பெருமை பேசியிருக்கிறோம். அப்பெருமைக்குக் கணக்குக் காட்ட வேண்டிய நாள் வந்துவிட்டது என உணர்ந்தோம். மீனவர்களையும், படகு கட்டும் பட்டறையினரையும், எம் கல்லூரியின் இயற்பியல் துறை நண்பரையும் கேட்டு யாம் அறிந்தவற்றை இங்குத் தொகுத்துத் தருகிறோம்.

கழியும் அதன் இயல்பும்

படகைத் தேர்வதற்குமுன் நீரை அறிதல் வேண்டும். ஆழம் தெரியாமல் காலை விடாதே என்பது படகுக்கும் பொருந்தும். சென்னையிலிருந்து கிழக்குக் கடற்கரைச் சாலையில் தெற்கே சென்றால் முட்டுக்காட்டுப் பாலமும், கோவளமும், நித்தியகல்யாணப் பெருமாள் கோயில் கொண்ட திருவிடந்தையும், பின்னர் மாமல்லபுரமும் வரும். இந்நெடுகிலும் சாலைக்குக் கிழக்கே கடல். மேற்கே பக்கிங்காம் கால்வாய். 1876 முதல் 1878 வரை நிகழ்ந்த பெரும் பஞ்சத்தின்போது நிவாரண வேலையாக இக்கால்வாயின் ஒரு பகுதி வெட்டப்பட்டது. அப்போது சென்னை ஆளுநராக இருந்த பக்கிங்காம் கோமகனின் பெயரே கால்வாய்க்கு வழங்கலாயிற்று. இக்கால்வாய் நீரும் கடல்நீரும் கலக்கும் இடமே முட்டுக்காட்டுக் கழி.

வடகிழக்குப் பருவமழை பெய்யுங்கால் கழியின் முகத்துவாரம் திறந்து வெள்ளம் கடலுக்கு ஓடும். கோடையில் மணல்திட்டு வளர்ந்து முகத்துவாரத்தை அடைக்கும். எனவே ஒரே கழி ஆண்டின் ஒரு பகுதியில் ஓடுகின்ற நீராகவும், மற்றொரு பகுதியில் தேங்கிய குளம் போலவும் காணப்படும். பல இடங்களில் நீர் இடுப்பளவுதான், அடியில் களிச்சேறு. மடவை, கொடுவா, பால்கெண்டை, கிழங்கான், இறால், களிநண்டு ஆகியவை இங்குக் கிடைக்கும். இருளர் இனப் பெண்கள் படகே இன்றி நீரில் இறங்கி, கைகளால் சேற்றைத் துழாவி இறால் பிடித்துப் பறியில் இடுவதை இன்றும் காணலாம். மத்திய உவர்நீர் மீன்வளர்ப்பு ஆராய்ச்சி நிறுவனம் 1987 இல் தொடங்கப்பட்டது. அதன் ஆய்வுப் பண்ணை முட்டுக்காட்டில் அமைந்திருப்பதும் இக்கழியின் வளத்திற்குச் சான்று.

ஆழமின்மை, சேறு, ஓரளவு அமைதியான நீர், இடையிடையே வீசும் கடற்காற்று ஆகிய இந்நான்கும் கழியின் இலக்கணம். படகு இந்நான்கிற்கும் ஈடுகொடுக்க வேண்டும்.

பழந்தமிழர் கண்ட வேறுபாடு

நீர்க்கலங்களுக்குத் தமிழில் உள்ள பெயர்கள் பல: புணை, அம்பி, ஓடம், தோணி, பஃறி, திமில், வங்கம், நாவாய் என்பன அவற்றுட் சில. மாணவர்கள் இவற்றை ஒருபொருட் பன்மொழி என எண்ணி மனப்பாடம் செய்வதுண்டு. இலக்கியத்தில் இவை வரும் இடங்களை ஊன்றி நோக்கினால் வேறுபாடு புலப்படும். பட்டினப்பாலையில் உப்பை விற்று நெல்லை ஏற்றி வந்த பஃறிகள், கொட்டிலில் நிற்கும் குதிரைகள் போலக் கழியோரத்தில் கட்டப்பட்டிருக்கக் காண்கிறோம். பஃறி கழிக்குரிய கலம். நெய்தல் பாடல்களில் பரதவர் சுறாவேட்டைக்குக் கொண்டுசெல்வது திமில், அது கடலுக்குரியது. நாவாயும் வங்கமும் நெடுந்தொலைவு செல்லும் பெருங்கலங்கள். கேளம்பாக்கம், கோவளம் பகுதிகளின் உப்பளங்களைக் காணும்போதெல்லாம் பட்டினப்பாலையின் பஃறிகள் எம் நினைவுக்கு வருவதுண்டு.

பிற்காலத்தில் அரபு நாட்டுடன் ஏற்பட்ட கடல் வாணிகத் தொடர்பால் வந்த சொற்களும் உள. படகின் திசையைத் திருப்பும் சுக்கான் அரபுச் சொல். மாலுமி என்பதும் ‘முஅல்லிம்’ என்னும் அரபுச் சொல்லின் திரிபே. அதற்கு ஆசிரியர் என்பது பொருள். மரைக்காயர் என்னும் பெயரையும் மரக்கலத்தோடு தொடர்புபடுத்தி விளக்குவோர் உளர்.

இவ்வளவும் இங்குக் கூறியதற்குக் காரணம் ஒன்றுண்டு. எல்லா நீருக்கும் ஏற்ற கலம் என ஒன்று இல்லை. நம் முன்னோர் நீருக்கு ஒரு கலம் செய்து, கலத்திற்கு ஒரு பெயரும் இட்டனர். கட்டுமரம் அலைகளை ஊடுருவிச் செல்வதற்கு ஒப்பற்றது. அலை அதன் மரங்களின் இடையே புகுந்து வெளியேறிவிடும். நீர் தேங்குவதற்கு உட்குழிவு இல்லை. ஆதலால் அது மூழ்குவதும் இல்லை. ஆயினும் அதில் செல்பவர் எப்போதும் நனைந்தே இருக்க வேண்டும். முதியவர் ஒருவர் அமர்ந்தும் நின்றும் வலைவீசக் கழிக்கு வேண்டுவது வேறு கலம்.

நிலைப்பு என்பது யாது?

படகு ஆடாமல் இருப்பதற்கு அதன் எடையே காரணம் எனப் பலரும் கருதுகின்றனர். அலுமினியம் இலேசானது, ஆகவே அலுமினியப் படகு கவிழ்ந்துவிடும் என்று எம் மாணவரின் உறவினரும் அஞ்சினர். இஃது ஓரளவே உண்மை. எடை மிகுந்த படகு மெதுவாக ஆடும் என்பது மெய். ஆயினும் கவிழாமைக்கு முதற்காரணம் எடையன்று, அகலம்.

இதனை எளிதாக விளக்கலாம். மிதக்கும் பொருளின்மீது இரு விசைகள் இயங்குகின்றன. படகு, ஆட்கள், சுமை ஆகியவற்றின் எடை ஈர்ப்பு மையத்தின் வழியாகக் கீழ்நோக்கி இயங்கும். நீரின் மிதப்பு விசை, அமிழ்ந்த பகுதியின் நடுவிலிருந்து மேல்நோக்கி இயங்கும். படகு இடப்பக்கம் சாய்ந்தால் இடப்பக்கம் மிகுதியாக அமிழும். மிதப்பு விசையின் மையமும் இடப்பக்கம் நகரும். அவ்வாறு நகர்ந்த விசை படகை மேலே தூக்கி நிமிர்த்துகிறது. படகு அகலமாக இருப்பின் இம்மையம் வெகுதூரம் நகரும். நிமிர்த்தும் ஆற்றலும் மிகும். குறுகிய படகில் அது சிறிதே நகரும். அதற்குள் ஆளின் எடை விளிம்பைக் கடந்துவிட்டால் படகு கவிழ்ந்துவிடும்.

அகலத்தின் பயன் கூட்டல் கணக்கில் வளர்வதில்லை. நீளமும் சுமையும் மாறாதிருக்க, அகலத்தால் கிடைக்கும் நிமிர்த்தும் ஆற்றல் அகலத்தின் மும்மடிக்கு ஏற்ப உயர்கிறது. நீர்மட்டத்தில் 3 அடி அகலமுள்ள படகிற்கு 3 × 3 × 3 = 27 எனக் கொண்டால், 4 அடி அகலமுள்ள படகிற்கு 4 × 4 × 4 = 64. ஓர் அடியைக் கூட்டினால் அகலத்தின் பங்கு இரண்டேகால் மடங்கிற்கு மேல் பெருகுகிறது. எம் இயற்பியல் நண்பர் இதனைக் கரும்பலகையில் எழுதிக்காட்டியபோதுதான், இரண்டு உடல்களை அகலமாக இணைத்துக் கட்டப்படும் மேலைநாட்டுப் படகுகள் அத்துணை உறுதியாக நிற்பதன் காரணம் எமக்கு விளங்கிற்று. அவற்றை ஆங்கிலேயர் அழைக்கும் ‘கேட்டமரான்’ என்னும் பெயர் நம் கட்டுமரமே என்பது அறிஞர் அனைவரும் ஒப்பும் செய்தி.

அடுத்த காரணம் ஈர்ப்பு மையத்தின் உயரம். மனிதன் நிற்கும்போது அவனது எடையின் மையம் ஏறத்தாழத் தொப்புளின் உயரத்தில் உள்ளது. சிறு படகில் ஆளின் எடை படகின் எடைக்கு நிகராகவோ கூடுதலாகவோ இருப்பதால், அவர் எழுந்து நின்றவுடன் மொத்த மையமும் மேலேறிவிடுகிறது. அமர்ந்திருந்தபோது நன்றாக இருந்த படகு நின்றவுடன் தள்ளாடுவது இதனால்தான்.

அடித்தளத்தின் வடிவம்

சிறு படகுகளின் அடித்தளம் பொதுவாக மூவகைப்படும். தட்டையானது ஒன்று, நடுவில் கூர்ந்து இருபுறமும் உயர்ந்தது மற்றொன்று, முன்பகுதி கூர்ந்தும் நடுவும் பின்னும் ஏறத்தாழத் தட்டையாகவும் அமைந்தது மூன்றாவது.

தட்டையடிப் படகு அமைதியான நீரில் மிக உறுதியாக நிற்கும். சிறிதளவு நீரிலும் மிதக்கும். சேற்றுத் திட்டின்மேல் ஏறினாலும் சாய்வதில்லை. காற்று வலுத்து நீர் கொந்தளிக்கும்போது முன்புறம் நீரில் அறைந்து அறைந்து செல்லும். தெறிக்கும் நீர் உள்ளே விழும். கூரடிப் படகு அலையைப் பிளந்து செல்லும். ஆனால் நின்ற நிலையில் எளிதில் ஆடும். கழியின் ஆழமின்மைக்கும் பொருந்தாது. மூன்றாம் வகையே எம் மாணவரின் தேவைக்கு உகந்தது எனக் கண்டோம். முட்டுக்காட்டில் பிற்பகலில் கடற்காற்று எழும்போது அணியம், அதாவது படகின் முன்பகுதி, சற்றே கூர்ந்திருப்பது பயன்தரும்.

ஒகேனக்கல் பரிசலைக் கண்டோர் ஓர் ஐயம் எழுப்பலாம்: வட்டமான பரிசல் அகலமாகவும் தட்டையாகவும் உள்ளதே, அது போதாதா? பரிசல் எளிதில் கவிழாது என்பது மெய். ஆனால் அது நேராகச் செல்லாமல் சுழலும். வலையை இழுக்கும்போது கலம் திசைமாறாமல் நிற்க வேண்டும். அதற்கு அகலத்தைப் போல் மூன்று மடங்கு நீளம் இருத்தல் நன்று. 4 அடி அகலத்திற்கு 12 அடி நீளம் என்பது இருவர் செல்லும் கழிப்படகிற்குத் தக்க அளவு.

சுமைக் கணக்கு

இத்தகைய படகு எவ்வளவு அமிழும்? 12 அடி என்பது ஏறத்தாழ 3.6 மீட்டர், 4 அடி என்பது 1.2 மீட்டர். இரண்டையும் பெருக்கினால் 4.3 சதுர மீட்டர். முன்பகுதி குறுகுவதைக் கழித்து 3.8 எனக் கொள்வோம். அப்பரப்பு ஒரு சென்டிமீட்டர் அமிழும்போது 38 லிட்டர் நீரை விலக்கும். அதாவது 38 கிலோ சுமையைத் தாங்கும்.

படகு 70 கிலோ, இருவர் 130 கிலோ, வலையும் பெட்டியும் 40 கிலோ, சிறு இயந்திரமும் எரிபொருளும் 30 கிலோ எனக் கொண்டால் மொத்தம் 270 கிலோ. படகு 7 சென்டிமீட்டர் அமிழும். மேலும் 40 கிலோ மீன் கிடைத்தாலும் அமிழ்வு 8 சென்டிமீட்டரே. முழங்காலளவு நீரிலும் இப்படகு தடையின்றிச் செல்லும்.

இங்கு நோக்கவேண்டியது ஒன்றுண்டு. எல்லாச் சுமையையும் ஏற்றிய பின்பும் நீர்மட்டத்திற்கு மேல் விளிம்பு குறைந்தது ஓர் அடியாவது எஞ்சியிருக்க வேண்டும். விளிம்பு தாழ்ந்த படகு எத்துணை அகலமாயினும், ஒருபுறம் சாய்ந்த நொடியில் நீரை உள்வாங்கிவிடும். உள்ளே புகுந்த நீர் சாய்ந்த பக்கமே ஓடிச் சேரும். அதன்பின் அகலமும் உதவாது.

அலுமினியமா, கண்ணாடியிழையா?

அலுமினியப் படகு நம் கரையில் அரிது. 2004 டிசம்பர் 26 அன்று ஆழிப்பேரலை கட்டுமரங்கள் பலவற்றை அழித்தது. அதன்பின் நிவாரணமாக வழங்கப்பட்டவை பெரும்பாலும் கண்ணாடியிழைப் படகுகளே. இன்று கோவளம் கடற்கரையில் நிற்பவையும் அவையே. ஆனால் அமெரிக்காவிலும் ஆஸ்திரேலியாவிலும் ஏரி, ஆறு, கழி ஆகியவற்றில் மீன்பிடிப்போர் பலர் அலுமினியப் படகையே கையாளுகின்றனர். இரண்டாம் உலகப்போர் முடிந்த 1945 இல், விமானங்களைக் கட்டிய கிரம்மன் என்னும் அமெரிக்க நிறுவனம் தன் அலுமினியத் தகடுகளைக் கொண்டு ஓடங்கள் செய்யத் தொடங்கியது. சிறு அலுமினியப் படகு பரவுவதற்கு அது துணைசெய்தது. நம் நாட்டிலும் கொச்சியில் 1957 முதல் இயங்கும் மத்திய மீன்வளத் தொழில்நுட்ப நிறுவனம், மரப்படகுகளுக்குச் செப்புத் தகட்டிற்கு மாற்றாக அலுமினியக் கலவைத் தகட்டைக் கவசமாகப் பயன்படுத்தும் ஆய்வை மேற்கொண்டது.

அலுமினியத்தின் அடர்த்தி நீரைப்போல் 2.7 மடங்கு, எஃகின் அடர்த்தி 7.8 மடங்கு. 2 மில்லிமீட்டர் கனமுள்ள 10 சதுர மீட்டர் தகடு அலுமினியமாயின் 54 கிலோ. எஃகாயின் 156 கிலோ. அலுமினியப் படகை இருவர் தூக்கிக் கரையேற்றிவிடலாம். முதியவருக்கு இது பெரும் உதவி. கல்லில் மோதினால் தகடு நெளியும். ஆனால் எளிதில் உடையாது. பழுதுபட்டு ஒதுக்கப்பட்டாலும் பழைய உலோகத்திற்கு விலை உண்டு. ஒதுக்கப்பட்ட கண்ணாடியிழைப் படகுகளோ வாங்குவாரின்றிக் கரையில் கிடந்து வீணாகின்றன.

கண்ணாடியிழைக்கும் சிறப்புகள் உள. குப்பத்திலேயே அதனைச் செப்பனிடத் தெரிந்தவர் இருப்பர். துணி, பிசின், தூரிகை ஆகியவை போதும். அலுமினியத்தைப் பற்றவைக்க ஆர்கான் வாயுவும் பழகிய கையும் வேண்டும். அத்தகைய பட்டறை அருகில் இல்லாதவர் கண்ணாடியிழையை நாடுவதே அறிவுடைமை. நிலைப்பைப் பொறுத்தமட்டில் இரண்டிற்கும் விதி ஒன்றே. குறுகிய அலுமினியப் படகும் கவிழும். அகலமான கண்ணாடியிழைப் படகும் நிற்கும்.

வாங்குமுன் நோக்கவேண்டியவை

யாமும் மாணவரும் முதலில் சென்று பார்த்த படகு பளபளவென்று அழகாக இருந்தது. விற்பவர் அதன் அகலம் நாலரை அடி என்றார். மாணவர் கயிற்றால் அளந்தார். மேல்விளிம்பில் நாலரை அடிதான். அடித்தளத்திலோ 3 அடியே இருந்தது. நீரில் நிற்கும் அகலம் அடித்தளத்தை ஒட்டியதேயன்றி மேல்விளிம்பு அன்று. இருக்கைகளும் உயரமாக அமைந்திருந்தன. அவற்றின் அடியில் வெற்றிடம் மட்டுமே இருந்தது. முன்பணம் கொடுக்கக் கையில் எடுத்திருந்த தொகையை மாணவர் மீண்டும் பையில் வைத்துக்கொண்டார். அன்று யாம் கற்ற பாடங்களைக் கீழே வரிசைப்படுத்துகிறோம்.

1. அடித்தள அகலத்தை நீங்களே அளந்து பாருங்கள். இருவருக்கு 4 அடிக்குக் குறைதல் ஆகாது.

2. தகட்டின் கனத்தைக் கேளுங்கள். அடித்தளத்திற்கு 2 மில்லிமீட்டரும் அதற்கு மேலும் இருத்தல் நன்று. கையால் அழுத்தினால் தகரம்போல் உள்வாங்குவது உதவாது.

3. அடித்தளத்தின் உட்புறம் குறுக்குச் சட்டங்கள் நெருக்கமாக அமைந்துள்ளனவா என நோக்குங்கள். வலை வீசுபவரின் முழு எடையும் இரு பாதங்களின்கீழ்தான் இறங்கும்.

4. கடல்நீருக்கு உரிய மக்னீசியம் கலந்த அலுமினியமா என உறுதிசெய்யுங்கள். 5052, 5083 என எண்ணிடப்பட்ட கலவைகள் இவ்வகையின. வீட்டுப் பாத்திரத்திற்கான தகடு கழிக்கு ஆகாது.

5. இணைப்புகளைச் சோதியுங்கள். ரிவெட் அடித்த படகாயினும் பற்றவைத்த படகாயினும் சோதனை ஒன்றே. படகைத் தரையில் தாங்குகட்டைகளின்மேல் வைத்து, உள்ளே சிறிதளவு நீரூற்றி, வெளிப்புறம் எங்கேனும் கசிகிறதா என நோக்கவேண்டும்.

6. நீரில் இறக்கிப் பாராமல் பணம் தராதீர்கள். ஆழமற்ற நீரில் படகை மிதக்கவிட்டு, ஒருவர் நடுவிலிருந்து மெல்ல ஓரத்திற்கு நகர்ந்து நிற்க வேண்டும். அப்போதும் தாழ்ந்த பக்கத்து விளிம்பு நீர்மட்டத்திற்கு ஒரு சாணாவது மேலே இருத்தல் வேண்டும்.

7. கலத்தைப் பதிவுசெய்யும் முறையை மீன்வளத்துறை அலுவலகத்தில் முன்னரே கேட்டறியுங்கள். தமிழ்நாடு கடல் மீன்பிடி ஒழுங்குமுறைச் சட்டம் 1983 இல் இயற்றப்பட்டது. சிறு கலம்தானே என இருந்துவிடுவது பின்னர்த் தொல்லை தரும்.

மூழ்காமைக்கு வழி

மரம் நீரில் மிதக்கும், அலுமினியம் மிதக்காது. உட்குழிவில் உள்ள காற்றே அலுமினியப் படகை மிதக்கச் செய்கிறது. நீர் நிறைந்துவிட்டால் அது உலோகத்துண்டாகிவிடும். இக்குறையைத் தீர்ப்பது இருக்கைகளின் அடியிலும் பின்புறத்திலும் நீர் உறிஞ்சாத நுரைக்கட்டிகளை அடைத்து வைப்பது.

60 கிலோ அலுமினியம் முழுதும் மூழ்கினால் 22 லிட்டர் நீரை விலக்கும். எனவே எஞ்சிய 38 கிலோவைத் தாங்க நுரை வேண்டும். 25 கிலோ இயந்திரத்திற்கும், படகைப் பற்றிக்கொண்டு மிதக்கும் இருவருக்கும் சேர்த்துக் கணக்கிட்டால் 100 லிட்டர் அளவு நுரை பாதுகாப்பானது. ஒரு லிட்டர் நுரை ஏறத்தாழ ஒரு கிலோவைத் தாங்கும். நுரையை இருபுற ஓரங்களிலும் மேலாக அமைத்தால், நீர் நிறைந்த படகும் தலைகீழாகாமல் நிமிர்ந்தே மிதக்கும். சேறு காலைப் பற்றும் கழியில், பற்றிக்கொள்ள ஒரு விளிம்பு மேலே நிற்பது உயிருக்கு உறுதுணை.

உப்புநீரும் உலோகமும்

அலுமினியம் காற்றுப்பட்டவுடன் தன்மேல் மெல்லிய படலம் ஒன்றைத் தானே உண்டாக்கிக்கொள்ளும். அதுவே அதற்குக் கவசம். எனினும் உப்புநீரில் செம்பு, பித்தளை ஆகியவற்றோடு சேர்ந்திருந்தால் மின்வேதி வினை ஏற்பட்டு அலுமினியம் அரிக்கப்படும். ஆகவே பித்தளை வளையங்களைப் பூட்டுதல் கூடாது. செம்பு கலந்த அடிப்பூச்சும் ஆகாது. எஃகுத் திருகுகளை இடநேர்ந்தால் இடையில் ரப்பர் வைத்தல் வேண்டும். நீரிலேயே கட்டிவைக்கும் படகாயின் துத்தநாகக் கட்டி ஒன்றை அடிப்பகுதியில் பூட்டலாம். அரிப்பு முதலில் துத்தநாகத்தைத் தின்னும், படகு பிழைக்கும்.

அன்றாடம் செய்யவேண்டியது எளிது. நன்னீரால் கழுவுதல், ஈரமணலும் சேறும் சட்டங்களுக்கிடையே தங்கவிடாமை, மரக்கட்டைகளின்மேல் கவிழ்த்து வைத்தல். வெயிலில் அலுமினியம் சுடும்; சிறு பொருள் விழுந்தாலும் ஒலியெழுப்பி மீனை விரட்டும். தென்னைநார்ப் பாய் ஒன்றை விரித்தால் இவ்விரு குறைகளும் நீங்கும்; ஈரப்பாதமும் வழுக்காது. ஆயின் அப்பாயையும் அவ்வப்போது எடுத்து உலர்த்த வேண்டும்.

படகில் ஒழுகும் முறை

நல்ல படகையும் தவறான பழக்கம் கவிழ்த்துவிடும். ஏறும்போது விளிம்பை மிதிக்காமல் நடுவில் காலை வைக்க வேண்டும். வலை, நங்கூரம், மீன்பெட்டி ஆகியவற்றைத் தளத்தின் நடுவில் தாழ வைக்க வேண்டும். இருவரும் ஒரே நேரத்தில் எழுந்து நிற்றல் கூடாது. ஒருவர் வலை வீசும்போது மற்றவர் எதிர்ப்புறம் தாழ அமர்ந்திருத்தல் நலம். நங்கூரக் கயிற்றை அணியத்தில் கட்ட வேண்டும்; பக்கவாட்டிலோ பின்புறத்திலோ கட்டினால் நீரோட்டம் விளிம்பைக் கீழே இழுத்துவிடும். நீந்தத் தெரிந்தவரும் உயிர்காப்பு அங்கி அணிதல் வேண்டும். சேற்றில் அகப்பட்ட காலுக்கு நீச்சல் உதவாது.

இவை அனைத்தினும் முதன்மையானது ஒன்று. முகத்துவாரம் திறந்திருக்கும் மழைக்காலத்தில் கழிப்படகை அதன் அருகே கொண்டுசெல்லலாகாது. தட்டையடிப் படகு கடலலைக்கு உரியதன்று. பஃறியைத் திமிலாகப் பயன்படுத்த முற்படுவோர் கலத்தையும் இழப்பர், உயிரையும் இழக்கக்கூடும்.

முடிவுரை

நான்கு திங்கள் கழித்து எம் மாணவர் ஒரு பட்டறையில் சொல்லிச் செய்வித்த படகு திருவிடந்தைக்கு வந்தது. நீளம் 12 அடி, அடித்தள அகலம் 4 அடிக்குச் சற்று மேல், தாழ்ந்த இருக்கைகள், அவற்றினுள் நுரைக்கட்டிகள். முதன்முதலாக நீரில் இறக்கிய அன்று யாமும் சென்றிருந்தோம். பெரியவர் எவரிடமும் பேசாமல் படகில் ஏறினார். நடுவில் நின்றார். பின்னர் இடப்பக்க ஓரத்திற்கு நகர்ந்து, இரு கால்களாலும் வேண்டுமென்றே படகை ஆட்டிப் பார்த்தார். எம் மாணவர் கரையில் நின்று மூச்சை அடக்கிக்கொண்டிருந்தார். படகு சாய்ந்தது, நின்றது, நிமிர்ந்தது.

கோட்பாடு ஏதும் அறியாத அம்முதியவர் செய்தது, யாம் ஆறாம் எண்ணில் வரிசைப்படுத்திய அதே சோதனையே. அகலத்தின் மும்மடி என்று எம் நண்பர் கரும்பலகையில் எழுதியதை அவர் பாதங்கள் முன்னரே அறிந்திருந்தன. அத்தகையோர் நாவில் படகின் உறுப்புகளுக்கும் காற்றுகளுக்கும் வலைகளுக்கும் எத்தனையோ சொற்கள் உள்ளன. கடலோர ஊர்களிலிருந்து வந்து பயிலும் எம் மாணவர்கள் விடுமுறையில் தம் வீட்டுப் பெரியோரிடம் அமர்ந்து அச்சொற்களை எழுதிக்கொண்டு வருவார்களாயின் எம் துறைக்கு அதனினும் பெரிய செல்வம் வேறில்லை.

கரையேறிய பெரியவரிடம் படகு எப்படி என வினவினோம். “ஆடுது வாத்தியாரே. ஆனா ஆள விடல” என்றார். மறுநாள் விடியலில் அவர் மடவைக்கு வலை வீசச் சென்றதாக மாணவர் தொலைபேசியில் தெரிவித்தார். உயிர்காப்பு அங்கியை அணிந்து சென்றாரா என்று கேட்டோம். அணிவித்த பின்னரே துடுப்பைக் கையில் கொடுத்ததாகச் சொன்னார்.